சுனை வெளியில் இல்லை

ஆறாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
22.08.1982

அன்புள்ள யோகநாதன் அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை கோயிலில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அது என்னுடைய வசனம் என்று சொல்லவில்லை. அதை இதற்காக எழுதவில்லை என்றும் சொல்லவில்லை. மீனம்மா திரும்பிப் போகும்போது என்னைக் கடந்துதான் போனார். நில்லுங்கோ என்றுகூட நான் சொல்லவில்லை. மடியில் தினைமாத் தட்டு இருந்தது. அதன் விளிம்பைப் பிடித்தபடி இருந்துவிட்டேன்.

நீங்கள் குத்துவிளக்குக்கு நேரே இருந்தீர்கள். பெண்கள் பக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திராது. ஆகவே நான் கண்டபடி எழுதுகிறேன்.

பரமலிங்கம் மாமா கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணத்தை இராகம் இழுத்துப் படித்தார். நீங்கள் பொருள் விரித்துப் பயன் சொன்னீர்கள். தினைப்புனம் இந்த உடம்பு, பரண் நெஞ்சு, கதிர் கொத்த வருகிற கிளிகள் ஐம்புலன்கள், வள்ளி எறிகிற கவண்கல் மூச்சு. சனம் அசையாமல் கேட்டது. நானும் கேட்டேன். நான் உங்களுக்கு வாசிக்கத் தந்த என் கொப்பியின் பதினோராம் பக்கம், ஒரு சொல்கூட மாறவில்லை. பிறகு, "எனக்கு ஒருமுறை மலேரியாக் காய்ச்சல் வந்து கிடந்தபோது வயலிலே கிளி துரத்துகிற சத்தம் கேட்டது, அது வெளியே கேட்கிறதா, என் உடம்புக்குள் கேட்கிறதா என்று தெரியவில்லை" என்றீர்கள். அம்மா என் காதுக்குள், "உவன் யோகநாதனுக்கு எப்ப, பிள்ளை, காய்ச்சல் வந்தது? தை மாசம் கிடந்தது நீயெல்லோ?" என்றார். நான் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

அதுவரை எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நம் கோயிலில் ஒரு பெண்ணைப் பயன் சொல்ல விடமாட்டார்கள். என் வசனமாவது அந்த விளக்கடிக்குப் போய்ச் சேர்ந்ததே என்று நினைத்தேன்.

கிழவனாக வந்த முருகன் தினைமாவைத் தின்றுவிட்டு விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற இடம் வந்தது. ஏழு மலை வரைகளுக்கு அப்பால் சுனை இருக்கிறது என்று வள்ளி வழி காட்டுகிறாள். அந்த இடத்தில்தான் மீனம்மா பந்தலுக்கு வெளியே எழுந்து நின்றார். வாய்க்கால் கரையில் இருக்கும் பதினொரு குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு ஓடி வந்தவர்கள். எங்கள் வயலில் நாற்று நடுவது அவர்கள்தான். ஆடியில் குளம் வற்றியதிலிருந்து ஊருக்கே கோயில் கிணறு ஒன்றுதான் இருக்கிறது. "அரசாங்கப் பெர்மிட்டில காணி இல்லாத சனம் கயிறு போடக் கூடாது, இண்டைக்குத் தண்ணி கேட்டால் நாளைக்குக் காணி கேட்பினம்" என்று கோயில் பரிபாலன சபை மறித்து ஒரு மாதம் ஆகிறது. இது உங்களுக்கும் தெரியும்.

மீனம்மா சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "சாமி, கோவிச்சுக்கப்படாது. கெழவன் தாகமுன்னு கேட்டதும் வள்ளியம்மா சொனையக் காட்டுனாங்கன்னு படிச்சீங்க. எந்த ஊரு, என்ன பெர்மிட்டுன்னு கேக்கல. நாங்களும் தாகமுன்னுதான் நிக்கிறோம். கெணத்துல ஒரு வாளி போட உத்தரவு குடுக்கச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். சபைத் தலைவர் மயில்வாகனம் மாமா எழும்பவில்லை. "தம்பி, பயன் சொல்லுறது நீர்தானே, நீரே மறுமொழி சொல்லும்" என்றார். நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். "அம்மா, நீங்கள் நினைக்கிற சுனை வெளியில இல்லை. வள்ளியெண்டு ஒருத்தியும் வெளியில இல்லை. ஏழு வரையும் எங்கட முள்ளந்தண்டுக்கை இருக்கு. தாகம் தீருற இடமும் உள்ளுக்கைதான்" என்றீர்கள்.

சனம் அரோகரா சொன்னது. மீனம்மா, "அப்ப சரிங்க சாமி. உள்ளுக்குள்ளயே ஒரு வாளி போட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சபையில் யார் கேட்டாலும், பயன் சொன்னவரே சொல்லிவிட்டார் என்கிறார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மயில்வாகனம் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த விளக்கம் உள்ளே பார்ப்பதற்கு எழுதப்பட்டது, கிணற்றை மறிப்பதற்கு இல்லை என்று எழுதுங்கள். என் பெயர் வேண்டாம். கொப்பியையும் அனுப்பிவிடுங்கள். வாசிக்கத்தான் தந்தேன்.

ஜெகதீஸ்வரி

*

பளை.
28.08.1982

அன்புள்ள ஜெகதீஸ்,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஏதோ நான் களவெடுத்த மாதிரி எழுதியிருக்கிறீர். அன்று பஸ்ஸில் ஆனையிறவு தாண்டும்போதும் உமது கொப்பி என் மடியில்தான் இருந்தது. உப்பளத்து வெயிலில் கண் கூச, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தேன்.

கலியாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளையின் பெயரைக் கோயிலில் எப்படிச் சொல்வது? காய்ச்சலை என்னுடையது என்று சொன்னது உம்மை மறைப்பதற்காக. அதை நீர் புரிந்துகொள்வீர் என்று நினைத்தேன்.

அந்த மனுசியின் விஷயம். நீர் பின்னால் இருந்தீர். முன்னால் இருந்தவர்களின் முகத்தை நான் கண்டேன். சபையில் இருக்கிற நடராசா அண்ணை எழும்பப் பார்த்தார். நான் அமைதியாக ஒரு பதில் சொன்னபடியால் அவர் இருந்துவிட்டார். இல்லாவிட்டால் அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். அதையும் யோசியும். மற்றது, "சுனை வெளியில் இல்லை, வள்ளி என்று ஒருத்தி வெளியில் இல்லை" என்று எழுதியது நீர்தானே? நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. புராணத்தை மெய்ஞ்ஞானமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அதைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வரலாமா?

மயில்வாகனம் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. கந்த சஷ்டிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கோயிலில் ஆறு நாளும் பயன் சொல்ல என்னை அவர்தான் ஒழுங்கு பண்ணுகிறார். நேரில் காணும்போது பக்குவமாகச் சொல்கிறேன். கொப்பியில் இன்னும் கொஞ்சம் பார்த்தெழுத இருக்கிறது. முடிந்ததும் தருவேன்.

மாமி சாதகக் குறிப்பை எடுத்துக் கொடுத்தாவா?

உமது
யோகநாதன்

*

ஆறாம் வாய்க்கால்.
05.09.1982

அத்தானுக்கு,

ஆம், எழுதியது நான்தான். அதை மறுக்கவில்லை. ஒரு கிழமையாக அந்த வசனத்தோடுதான் இருக்கிறேன்.

புதன்கிழமை குளத்துக்குள் இறங்கிப் போனேன். வெடித்த சேற்றுக்கு நடுவில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள். மீனம்மா அதற்குள் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையால் ஊற்றை அள்ளிக்கொண்டிருந்தார். நாலு சிரட்டை அள்ளினால் வற்றிவிடும். பிறகு ஊறும்வரை பார்த்திருக்க வேண்டும். வள்ளி கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்தாள் என்பதற்கு நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். குழி என்றால் என்ன, அதில் கிடப்பது எது என்றெல்லாம். அதற்கு முன் ஒரு குழிக்குள்ளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும், "வாங்கம்மா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா? தோட்டத்துல தண்ணி நல்லாருக்கும், தேயிலை போடணும். இங்க தேயிலையே வேணாம்" என்று சிரட்டையை நீட்டிக் காட்டினார். அந்தத் தண்ணீர் தேயிலைச் சாய நிறத்தில் இருந்தது.

நான் சொன்னேன்: "கோயில்லை அவர் சொன்ன வசனம் நான் எழுதினது."

"எதும்மா?"

"வள்ளி வெளியில இல்லையெண்டது."

"நீங்களா? அந்த ஐயா தன்னோட காய்ச்சல்னுல்ல சொன்னாரு."

"காய்ச்சலும் என்ரைதான்."

அவர் சிரித்த சிரிப்பில் சிரட்டை கைதவறிக் குழிக்குள் விழுந்தது. "ஐயோ, காய்ச்சலயுமா எடுத்துக்கிட்டாரு! நடுக்கத்தயும் சேத்து எடுத்துக்கச் சொல்லியிருக்கலாம்ல?" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காய்ச்சல்ல கெடந்தப்ப தண்ணி கேட்டீங்களாம்மா?"

"கேட்டன்."

"யாரு குடுத்தா?"

"அம்மா."

"அத எழுதுனீங்களா?"

நான் எழுதவில்லை. ஒன்பது நாள் காய்ச்சல். கிளிச் சத்தம், மூச்சு, புருவ நடுவில் தெரிந்த வெளிச்சம் எல்லாவற்றையும் எழுதினேன். அம்மா ஒவ்வொரு முறையும் கிணற்றடிக்குப் போய் வந்ததை எழுதவில்லை. அது எனக்கு எழுத வேண்டிய விஷயமாகவே படவில்லை. அத்தான், நான் எழுதியது பொய் என்று இப்போதும் நினைக்கவில்லை. அந்த வெளிச்சத்தை நான் கண்டேன். ஆனால் தண்ணீர் கிடைத்த ஒரு உடம்பு கண்ட வெளிச்சம் அது. இது எனக்கு முப்பத்திரண்டு பக்கம் எழுதியும் தெரியவில்லை.

வாய்க்கால் கரைச் சனம் கயிறு தொடக் கூடாது என்றுதான் சபையின் தீர்மானம். நான் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை தொடங்கி, விடிந்ததும் நான் அள்ளி அவர்களுடைய குடங்களில் ஊற்றுகிறேன். குடும்பத்துக்கு மூன்று வாளி, எல்லாமாக முப்பத்து மூன்று. வரிசையில் கடைசியாக நிற்கிற மீனம்மாவின் புருசன் ராசு என் கையைப் பார்க்காமல் குடத்தையே பார்க்கிறார். அப்பா கோயிலடியால் போகாமல் வயலுக்குச் சுற்றிப் போகிறார்.

பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது. அன்று வாருங்கள். கொப்பியைக் கொண்டு வாருங்கள். அது என் வசனம் என்றும், அதற்கு அந்த அர்த்தம் இல்லை என்றும் உங்கள் வாயால் சொல்லுங்கள். முன்பு என் பெயர் வேண்டாம் என்று எழுதினேன். இப்போது சொல்லலாம்.

ஜெகதீஸ்வரி

*

பளை.
12.09.1982

ஜெகதீஸ்,

பெரியப்பா வந்து போனார். நீர் கிணற்றடியில் நின்று ஊருக்குக் கூத்துக் காட்டுகிறீராம். "உன்ர மச்சாள் ஆருக்குத் தண்ணி வார்க்கிறாள் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்தா. எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை.

ஆனாலும் உமது கடிதத்தை மடித்து வைத்த பிறகு நித்திரை வரவில்லை. ஒன்று சொல்கிறேன். அந்த மனுசி "உள்ளுக்குள்ளயே ஒரு வாளி போட்டுப் பாக்குறேன்" என்று சொன்னபோது எனக்கும் அது சுட்டது. அதற்குப் பிறகு சொன்ன பயன் எல்லாம் வாய் சொன்னதுதான். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் திகதி வருகிறேன். கொப்பியோடு வருகிறேன். நானே சொல்கிறேன். அதுவரை நீர் கிணற்றடிக்குப் போக வேண்டாம். என்னை நம்பும்.

யோகநாதன்

*

ஆறாம் வாய்க்கால்.
20.09.1982

யோகநாதன் அவர்களுக்கு,

நீங்கள் வந்தீர்கள். கொப்பியும் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வராமல் விட்டிருந்தால் பயம் என்று நினைத்திருப்பேன்.

சபைக்குள் பெண்களுக்கு இடமில்லை. மடத்து யன்னலுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம். சற்றுத் தள்ளி மீனம்மா நின்றார். நான்தான் அவரைக் கூட்டிவந்தேன். "அவர் இண்டைக்குச் சொல்லுவார்" என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

நான் முன்னமே சொல்லியிருந்ததை வைத்து மயில்வாகனம் மாமா கேட்டார்: "பிள்ளை சொல்லுது, வள்ளியம்மை திருமணத்துக்குச் சொன்ன பயன் தன்ரையாம். கொப்பியில எழுதித் தந்ததாம். அப்பிடி ஒரு கொப்பி இருக்கோ தம்பி?"

உங்கள் துணிப்பை உங்கள் முழங்காலோடு சாய்ந்து இருந்தது. அதன் வாயில் கொப்பியின் நீல மட்டை வெளியே தெரிந்தது. யன்னலில் நின்ற எனக்கே தெரிந்தது. நீங்கள் பையை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு அதன் வாயை மடித்துவிட்டு, "அப்பிடி ஒரு கொப்பி இல்லைப் பெரியப்பா" என்றீர்கள்.

"வள்ளியும் இல்லை, கொப்பியும் இல்லை" என்று நடராசா அண்ணை சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த முறை நான் பேசாமல் நிற்கவில்லை. அதையும் நீங்கள் கேட்டீர்கள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினோராம் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பன்னிரண்டாம் பக்கத்தையும் சொன்னேன். அதை நீங்கள் கோயிலில் சொல்லவில்லை. ஆகவே நம்புவார்கள் என்று நினைத்தேன். நடராசா அண்ணை, "ஒருக்காக் கேட்டதை இவ்வளவு பாடமாக்கிப்போட்டாள். கெட்டிக்காரி!" என்றார். மாமா அப்பாவைப் பார்த்து, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, வெயிலுக்கை நிக்குது" என்றார். நீங்கள் பன்னிரண்டாம் பக்கத்தை அறிவீர்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா மட்டும் யன்னலுக்குள் தலையை விட்டு, "அண்ணை, காய்ச்சல் வந்தது இவளுக்குத்தான். நான் சத்தியம் பண்ணுவன்" என்றார்.

நீங்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு தீர்மானம் எடுத்தார்கள். கிணற்றுக்குத் தகர மூடி போட்டுப் பூட்டுவது, பூட்டின் திறப்பு மாமாவிடம், காலையில் ஒரு மணித்தியாலம் திறப்பது, பெர்மிட் உள்ள வீடுகளின் பெயர்களைக் கூப்பிட்டு வீட்டுக்கு நாலு வாளி. கிணற்றடியில் மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிற வீட்டின் பெயர் வெட்டப்படும். இன்று காலை எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா போய் நாலு வாளி எடுத்துவந்தார். அதில் இரண்டை நான் கொண்டுபோனேன். பதினொரு குடும்பத்துக்கு இரண்டு வாளி.

போகிற வழியில் மீனம்மா கேட்டார்: "அந்த ஐயா ஒங்களக் கட்டிக்கப் போறவராம்மா?" அப்படி ஒரு கதை இருக்கிறது என்றேன். "நீலமா ஒரு புஸ்தகம் பையில தெரிஞ்சிச்சே, நீங்க பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

கொப்பியை அனுப்புங்கள்.

ஜெகதீஸ்வரி

*

பளை.
02.10.1982

ஜெகதீஸ்,

கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. எண்ணிப் பாரும்.

நான் செய்தது சரி என்று எழுத வரவில்லை. பையைத் திறக்கத்தான் வந்தேன். பஸ்ஸிலும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் பெரியப்பா கேட்டவிதம்... நான் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்துக் கேட்டார். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

இதை ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். மாரி வந்தால் கிணறு நிரம்பும், எல்லாரும் மறந்துபோவார்கள். மாமியிடம் அம்மா ஆளனுப்பினா. சாதகம் பொருந்துகிறதாம். யோசித்துப் பார்த்தால் இது நல்லதற்குத்தான். கலியாணத்துக்குப் பிறகு நீர் எழுதும், நான் சொல்கிறேன். உமது கருத்து இருநூறு பேருக்குப் போய்ச் சேரும். பெயர் யாருடையது என்பதா முக்கியம்? நான் என்பதை விடச் சொல்லித்தானே நீர் நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்?

சஷ்டிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. சூரன் கடல் நடுவில் மாமரமாக நின்றதை உடம்பில் எந்த இடமாகக் கொள்ளலாம் என்று உமக்கு ஏதும் தோன்றுகிறதா? வேர் மேலே, கொம்பு கீழே என்பது நரம்புகளைக் குறிக்குமா? இரண்டு வரி எழுதினாலும் போதும்.

உமது
யோகநாதன்

*

ஆறாம் வாய்க்கால்.
24.10.1982

யோகநாதன் அவர்களுக்கு,

கொப்பி கிடைத்தது. பக்கங்கள் சரியாக இருக்கின்றன. ஓரங்களில் பென்சிலால் நீங்கள் போட்ட அடையாளங்களும் இருக்கின்றன. "இங்கே நிறுத்தவும்", "இங்கே குரலைத் தாழ்த்தவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் பற்றிய இடத்தில் "கண்ணை மூடவும்" என்று இருக்கிறது.

கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். இனி ஆளனுப்ப வேண்டாம்.

நாலாம் பக்கத்தில் நான் என்பதை விட வேண்டும் என்று எழுதியது உண்மை. அதை என்னைப் பார்த்து நான் எழுதினேன். உங்கள் கையில் அது என்னைப் பார்த்து நீங்கள் சொல்கிற வசனமாகிவிட்டது. மீனம்மாவைப் பார்த்துச் சொன்னதும் அப்படித்தான். இனி எதை எழுதினாலும் அது யார் கைக்குப் போகும் என்று யோசிப்பேன். முன்பு அப்படி யோசித்ததில்லை.

மாமரம் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினோராம் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. தை மாதக் காய்ச்சலில் அம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தார் என்று அதில் எழுதினேன். கொப்பியில் வேறு எதையும் மாற்றவில்லை.

நீங்கள் மறந்துபோவார்கள் என்று எழுதினீர்கள். அதனால் நடந்ததைத் திகதியோடு எழுதுகிறேன். செப்டெம்பர் இருபத்தாறாம் திகதி குளத்துக்குழி ஊறாமல் நின்றுவிட்டது. அன்று தொடக்கம் மூன்று நாள் எங்கள் வீட்டு இரண்டு வாளிதான் அவர்களுக்கு இருந்தது. இருபத்தொன்பதாம் திகதி பதினொரு குடும்பமும் ஒரு ட்ரக்டர் பெட்டியில் ஏறி முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். தோட்ட வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். அவர்கள் ஏறும்போது நான் அங்கே இருக்கவில்லை. கிணற்றடியில் எங்கள் பெயரைக் கூப்பிடும்வரை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மழை ஒக்டோபர் பதினான்காம் திகதி தொடங்கியது. பதினெட்டாம் திகதி மயில்வாகனம் மாமா வந்து கிணற்றுப் பூட்டைக் கழற்றினார்.

ஜெகதீஸ்வரி